கடைசி வரி

வேலந்தாவளத்தில் விற்பனைவரிச் செக்போஸ்ட்
இப்போது பூட்டிக் கிடக்கிறது.
தக்காளி லாரியும் கருவாட்டு வேனும்
யாரையும் கேளாமல் கேரளத்துக்குள் போகின்றன.
அரிசி வாங்கிக்கொண்டு கோவையிலிருந்து திரும்பும் நான் மட்டும்
அந்த வளைவு வந்ததும்
பையைத் தடவிப் பார்க்கிறேன்:
கடவுச்சீட்டு, நீட்டித்த விசா, நீட்டித்ததை நீட்டித்த தாள்.
பதினைந்து வருடப் பழக்கம்.

குடியுரிமை விண்ணப்பத்துக்கு எல்லாம் சேர்ந்தாயிற்று.
கல்யாணச் சான்று, சகாயநாதனின் வாக்காளர் அட்டை,
மானிப்பாயிலிருந்து தம்பி அனுப்பிய பிறப்புப் பத்திரம்.
பட்டியலின் கடைசி வரி
வரியைப் பற்றியது.
மூன்று வருடத்துக்கு, தாக்கல் செய்த நகலோடு.

ஒரு வருடம்கூடச் செய்ததில்லை.

நாளுக்கு ஆயிரத்து இருநூறு இடியப்பம்.
பாலக்காட்டில் நாலு ஓட்டல், சித்தூரில் ஒரு ஹாஸ்டல்,
ஞாயிறென்றால் சர்ச் விருந்து ஏதாவது.
காசு பாங்கியில் விழும்; மாவாகும், கேஸாகும்,
மகளின் பீஸாகும்.
அதற்கு ஒரு கணக்கு எழுதி
அரசாங்கத்திடம் காட்ட வேண்டுமென்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொழுந்தன் சொன்னார்:
'வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று எழுது, அண்ணி.
வருமானம் இல்லை. முடிந்தது கதை.'
விடிய மூன்று மணிக்கு எழும்பி
உரல் பிழிந்து காய்த்த என் வலக்கை
சோற்றுத் தட்டின் ஓரத்தில்
சும்மா இருந்தது.

கொழிஞ்சாம்பாறையில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஷைலஜா கணினியை என் பக்கம் திருப்பினாள்.
ஒவ்வொரு ஓட்டலும் போட்ட ஒவ்வொரு ரூபாயும்
தேதியோடு அங்கே இருந்தது.
நீ யார், நீ யார் என்று
வருடா வருடம் என்னைக் கேட்ட அரசாங்கம்
என் இடியப்பத்தை மட்டும்
எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

'ஒண்ணும் பேடிக்கண்டா, சேச்சி' என்றாள்.
'பிந்திப் போடலாம். அபராதம் உண்டு. வட்டி உண்டு.
மறைத்தால்தான் வம்பு.'
ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து.
புது கிரைண்டருக்கு வைத்திருந்தது,
கொஞ்சம் குறைந்தது; அதற்கு ஒரு சோடித் தோடு.

பிறகு அவள் கேட்டாள்:
'ஆ வருஷம் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள்?
நூற்றெண்பத்திரண்டுக்கு மேல் உண்டோ?'

எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்பாவின் செத்த வீட்டை
செல்போனில் பார்த்தவள் நான்.
போனால் திரும்ப விடுவார்களோ என்று
போகாதவள்.
முந்நூற்று அறுபத்தைந்து, பிள்ளை.
மற்றதும் முந்நூற்று அறுபத்தைந்து.
நடுவில் ஒரு வருடம் பிப்ரவரி நீண்டது,
அந்த நாளும் இங்கேதான் இருந்தேன்.

'அப்போ ரெசிடென்ட்' என்றாள்,
திரையிலிருந்து தலை தூக்காமல்,
ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தாள்.
அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

நான் அந்தக் கட்டத்திலேயே நின்றேன்.
எந்த ஊர், எந்தச் சாதி, எப்படி வந்தாய்,
எப்போது போவாய்
ஒன்றும் கேட்காமல்
நாளை மட்டும் எண்ணிப் பார்த்து
இருக்கிறாள் என்று எழுதிய
முதல் தாள்.
அதற்கும் அபராதம் கட்டித்தான்.

கலெக்டரேட்டில் கிளார்க் மூன்று நகலையும் புரட்டினார்.
'மூணும் ஒரே தேதி?'
ஓம் என்றேன்.
எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன், இரண்டே வரி:
தெரியாமல் இருந்தேன். தெரிந்ததும் கட்டினேன்.
அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.
நகலின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை
விரலால் தட்டிவிட்டு
பின் அடித்தார்.
'அறிவிக்கும்.'

எப்போது என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அரிசிக்குப் போய் வந்தேன்.
வளைவில் கை
தானாகப் பைக்குள் போனது.
அதற்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.